அலசிய வலை

ஓடைக்குள் காலை வைத்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படி ஒரு குளிர். கணுக்காலைப் பிடித்து, முழங்காலுக்கு ஏறி, பற்களைத் தந்தியடிக்க வைத்து, அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி அடங்கிவிடும், வேங்கையோடை என்னை எப்போதும் இப்படித்தான் வரவேற்கும், வா என்கிறதா போடி என்கிறதா தெரியாது, எதுவானாலும் நான் வந்துவிட்டேன், வனத்துறை அனுமதிக்காக நடையாய் நடந்து இந்த ஒரு நாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். விடிந்ததிலிருந்து நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கிறது. சந்தோஷமா பயமா என்று பிரிக்கத் தெரியவில்லை, பிரித்து என்ன ஆகப்போகிறது. கரையில் என் வீட்டுக்காரர் வெள்ளை ட்ரேயை மடியில் வைத்துக்கொண்டு, பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவர் மாதிரி காத்திருக்கிறார். அம்பாசமுத்திரத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற மனுஷன், தண்ணீர் பக்கெட்டுக்குள் இருக்கவேண்டும் என்பது அவர் கட்சி, இருந்தாலும் நான் மலையேறும்போதெல்லாம் கூட வந்துவிடுவார், முனகிக்கொண்டே வருவார், ஆனால் வருவார். நான் தேடுகிற பூச்சிக்கு அவர்தான் மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை என் ட்ரேயில் வந்து உட்கார்ந்துவிட்டு அப்புறம் தலையே காட்டாததால், பெண் பார்த்துவிட்டுப் போய்ப் பதில் சொல்லாத மாப்பிள்ளையாம். காலையில் வண்டியை எடுக்கும்போதே, "உலகு, இன்னைக்காவது மாப்ள வருவாரா, இல்ல நம்மள அலையவிட்டுட்டுத்தான் போவாரா?" என்று கேட்டார். வருவார் என்று சொல்லி வராமல் போய்விட்டால்? மதியம் ஜீப் வரும், ஜீப்பில் எனக்குப் பாடம் நடத்திய தாவீது சார் வருவார், இந்த மலையின் நீர்ப்பூச்சிகளைப் பற்றி அவர் தொகுக்கிற கையேடு அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது, இன்றைக்குக் கிடைத்தால் என் பூச்சி அதில் இருக்கும், இல்லாவிட்டால் எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டால் நான் பொய் சொன்னேன் என்று ஆகாது, அதைவிடக் கேவலம், உலகம்மை கவனமில்லாதவள் என்று ஆகும், எங்கள் தொழிலில் அதற்கு மேல் ஒரு வசவு கிடையாது.

யார் எங்கே இருப்பார்கள் என்று எனக்கு எங்கள் தெருவைவிட இந்த ஓடையில் நன்றாகத் தெரியும். நினைத்தாலே உற்சாகமாக இருக்கிறது, யாரையாவது பிடித்து உட்காரவைத்துச் சொல்லவேண்டும் போல, கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஒரே தண்ணீர். உள்ளே வந்து குனிந்து பார்த்தால் ஒரு கல்லிலேயே நாலு ஊர் இருக்கிறது, மேலே வேகம், முகப்பில் மோதல், பின்னால் நிழல், அடியில் இருட்டு. வேகத்தில் இருப்பவர்கள் வாலைக் கல்லில் ஊன்றிக்கொண்டு கும்பலாக ஆடுவார்கள், தண்ணீர் கொண்டுவந்து வாயில் போடுவதைத் தின்பார்கள், வேகம் குறைந்தால் பட்டினி. கல்லுக்கு அடியில் தட்டை உடம்புக்காரர்கள், கல்லைப் புரட்டியதும் வெளிச்சத்துக்கு வெட்கப்பட்டு மறுபக்கம் ஓடுவார்கள், அந்த ஓட்டத்தைப் பார்க்க எத்தனை தடவை வேண்டுமானாலும் கல்லைப் புரட்டலாம். இரண்டு கல்லுக்கு நடுவே சிக்கி ஊறிப்போன இலைக்கட்டில் இலைதின்னிகள், மணலில் கண்ணை மட்டும் வெளியே வைத்துப் புதைந்து கிடக்கிற தும்பிக்குஞ்சுகள், குட்டையின் மேல் கால் நனையாமல் நடப்பவர்கள். அவரவர் இடத்தைவிட்டு ஒரு சாண் நகரமாட்டார்கள். ஒருமுறை இதையெல்லாம் என் வீட்டுக்காரரிடம் மூச்சுவிடாமல் சொன்னபோது, நம்ம டவுன் பஸ் மாதிரிதான், ஜன்னல் சீட்டைப் பிடித்தவன் எழும்பமாட்டான் என்றார், அதற்கு மேல் என் ஆராய்ச்சியை யாரும் சுருக்கிச் சொன்னதில்லை. சரி, வேலை. நெட் என்று நாங்கள் சொல்கிற வலையின் வாயை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அதற்கு மேற்பக்கம் நின்று காலால் கற்களைக் கலைக்கவேண்டும், கலங்கியதெல்லாம் வலைக்குள் போகும், கொண்டுபோய் ட்ரேயில் கவிழ்க்கவேண்டும், கவிழ்த்துவிட்டு வலையை அலசவேண்டும். அலசவேண்டும். பார், அந்த வார்த்தை வந்ததும் மனசு ஒரு கல்லில் தட்டி நின்றுவிட்டது.

மாப்பிள்ளை என்கிறோமே, அது ஒரு புழு, இறக்கை முளைக்கிறவரை ஓடையில் இருக்கும். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. பொடிமணலை வாயிலிருந்து வரும் நூலால் ஒட்டி, தட்டையாக ஒரு மணிபர்ஸ் மாதிரி வீடு கட்டிக்கொண்டு, போகிற இடமெல்லாம் வீட்டோடு போகும். அந்த ஜாதியில் எத்தனையோ உண்டு, ஆனால் என் ட்ரேயில் வந்தது வீட்டைச் சுற்றி ஓரம் முழுக்கக் காக்காப்பொன், அதாவது மைக்காத் துகள் பதித்திருந்தது, ஜரிகைக்கரை வைத்த மாதிரி மினுங்கியது, லென்ஸில் பார்த்ததும் நான் ஓடையிலேயே உட்கார்ந்துவிட்டேன், பாவாடை நனைந்ததுகூடத் தெரியவில்லை. அந்தப் பரபரப்போடு ஊருக்கு வந்து, டிபார்ட்மென்ட் கூட்டத்தில் படத்தைப் போட்டுக் காட்டினேன். தாவீது சார் முன் வரிசையில் இருந்தார், எங்கள் எல்லோருக்கும் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை, படம் ரொம்ப அழகா இருக்கும்மா என்றார், நான் பூரித்துப்போனேன். பூச்சி கிடைத்த அன்று காலையில் முதலில் எந்த ஓடைக்குப் போனாய் என்று கேட்டார். கரடியோடை என்றேன். கரடியோடை மணலில் காக்காப்பொன் உண்டு, வேங்கையோடை மணலில் கிடையாது என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துக் கோபமே இல்லாமல், தன் வீட்டுப் பிள்ளையிடம் கேட்பதுபோல் கேட்டார்: "நெட்ட அலசுனியாம்மா?" பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அலசினேன் சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஏனென்றால் அந்த நிமிஷத்தில் எனக்கே ஞாபகம் இல்லை. வீட்டைப் பூட்டினாயா, கேஸை அணைத்தாயா என்று பாதி வழியில் யாராவது கேட்டால் நமக்கு என்ன தெரியும், பூட்டியிருப்போம், அணைத்திருப்போம், கை தானாகச் செய்கிற காரியத்தை மனசு எங்கே எழுதிவைக்கிறது. அவர் கேட்டதில் தப்பே இல்லை, இப்போது நானும் என் மாணவிகளிடம் அதையேதான் கேட்கிறேன், முந்தின ஓடையின் பூச்சி வலையின் தையலில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஓடைக்கு வருவது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் நேர்ந்திருக்கிற கூத்து. ஆனால் அந்தப் பூச்சியைக் கரடியோடையிலும் யாரும் பார்த்ததில்லையே? தேடினால் கிடைக்கும் என்றார்கள், அங்கே போய்த் தேடியவர் யாரும் இல்லை, நான் தேடினேன், கிடைக்கவில்லை. அலசினேனா? அலசியிருப்பேன். அலசினேனா? ஸ்கூட்டர் ஓட்டும்போது, தோசையைத் திருப்பிப்போடும்போது, வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது, அந்தக் கேள்வி எங்கிருந்தோ வந்து நின்றுகொண்டு கேட்கும்.

அதற்கப்புறம் நான் வலையை அலசுகிற அழகைப் பார்க்கவேண்டுமே. உள்பக்கத்தை வெளியே புரட்டி, மூலையை மூலையாகத் தேய்த்து, தையலை விரலால் வழித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, சொட்டச் சொட்ட ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயைக் கட்டிவிடுவேன், ஈ எறும்பு நுழையாது, இனி எவனும் என்னை அலசினாயா என்று கேட்கமுடியாது. இன்றைக்கு வலைகூடப் புதுசு, வேறு எந்த ஓடையையும் பார்க்காதது, போன வாரம்தான் வாங்கினேன். வேகத்தில் போட்டாயிற்று, இலைக்கட்டில் போட்டாயிற்று, ட்ரேயில் எல்லோரும் வந்தார்கள், தட்டையர்கள் வந்தார்கள், மூன்று வால்காரர்கள் வந்தார்கள், வேறு வீடுகட்டிகள் வந்தார்கள், ஜரிகைக்கரை வரவில்லை. என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்து, இவர் மாப்ளைக்குத் தம்பியா என்கிறார், பல்லைக் கடித்துக்கொண்டு இல்லை என்கிறேன். சிரிப்பும் வருகிறது. அலசினேன், அவரையே தையலைப் பார்க்கச் சொன்னேன், மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெயிலில் தூக்கிப் பார்த்து ஒண்ணுமில்லட்டி, சுத்தமா இருக்கு என்றார், சாட்சியோடு அலசியாயிற்று. பையை எங்கே என்றேன். எழுந்தார். பாறை ஈரமாக இருக்கிறதென்று பையை விரித்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார் மனுஷன், நடுவில் ஒரு முழத்துக்குக் கிழிந்துபோயிருந்தது. வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு பைக்கு இத்தனை பாடா, அந்தப் பாறையில் போட்டால் தானாகச் சொட்டி வடியாதா என்றார். அவருக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேலே செங்குத்தாக நிற்கிற பாறை, உச்சியிலிருந்து ஊற்றுநீர் கசிந்து பாறை முழுக்க எப்போதும் ஈரமாகவே இருக்கும், மாணவியாக வந்த காலத்தில் நானும் அதில்தான் போடுவேன், அப்போது பை வாங்குகிற புத்தி ஏது. வேறு வழியில்லாமல் வலையை அதன் பிதுக்கம் ஒன்றில் மாட்டிப் பாறைமேல் விரித்துவிட்டு, தூரிகையும் இடுக்கியும் எடுத்துக்கொண்டு மேல்பக்கம் நடந்தேன். வலை இல்லாவிட்டால் என்ன, கை இருக்கிறது, கல்லைக் கல்லாகப் புரட்டிப் பார்த்துவிடுகிறேன்.

கல்லைத் தூக்கு, பார், தூரிகையால் தடவு, இருந்த மாதிரியே வை. தலைகீழாக வைத்துவிட்டால் மேல்வீட்டுக்காரனும் கீழ்வீட்டுக்காரனும் இடம் மாறிச் செத்துப்போவார்கள், அதனால் இருந்த மாதிரியே வை. வெயில் முதுகில் ஏறிவிட்டது, கை விரல்கள் வெளுத்துச் சுருங்கிவிட்டன, குளிர் இப்போது குளிராக இல்லை, எனக்கென்னவோ அடுத்த கல்லில் இருக்கிறது என்றே தோன்றிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு கல்லுக்கும் நெஞ்சு ஒருதரம் எழும்பி உட்காருகிறது, இந்த வயதில் இப்படி எழும்பலாமா. காக்காப்பொன் மாதிரி ஒன்று மினுங்கியது, பிடித்துவிட்டேன் என்று குனிந்தால் நீர்க்குமிழி. அவ்வளவு லேசான துகள், இந்த வேகத்தில் எப்படித் தங்கும், அடித்துக்கொண்டு போய்விடாதா, சார் சொன்னது சரிதானோ, இந்த மணலில் ஒரு பொட்டுக்கூட இல்லையே. துகளே இல்லாத ஊரில் ஜரிகை வைத்து யார் வீடு கட்டுவார்கள். அப்படியென்றால் அலசவில்லை. அப்படியென்றால் பதினோரு வருஷமாக நான் ஒரு அழுக்கு வலையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். சீ, ஓடைக்கு நடுவில் நின்று அழுவாளா ஒருத்தி. கையேட்டில் ஒரு பூச்சி இல்லாவிட்டால் யாருக்கு என்ன, சோறு இறங்காமல் போகுமா, மாணவிகள் டீச்சர் என்று கூப்பிடாமல் போவார்களா. போகாது. ஆனால் என் கண்ணை நானே நம்பமுடியாமல் போகும், இனி லென்ஸில் எதைப் பார்த்தாலும் பின் வரிசைச் சிரிப்பு கேட்கும், அப்புறம் எனக்கு ஓடையில் என்ன வேலை. கீழே வளைவில் ஜீப் ஹாரன் கேட்டது. ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியாகக் குட்டையின் ஓரத்தில் ஒருதரம் வலையைப் போட்டுவிடலாம், சும்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றேன் என்று இருக்கவேண்டாம் என்று வலையை எடுக்கப் போனேன்.

வலையைப் பாறையிலிருந்து உரித்து எடுத்தேன், தையலுக்குப் பக்கத்தில் ஏதோ மினுங்கியது. நீர்க்குமிழி என்று நினைத்தேன், குமிழி நகராது, இது நகர்ந்தது. லென்ஸைக் கண்ணில் வைத்தேன், மணிபர்ஸ், மணல், ஓரம் முழுக்க ஜரிகை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, சத்தியமாக வரவில்லை, ஐயோ அலசவில்லையே என்றுதான் முதலில் வந்தது, இன்றைக்கும் அலசவில்லை, அன்றைக்கும் அலசவில்லை, சார் சொன்னதுதான் சரி, இதோ கண்ணெதிரில் சாட்சி. அப்புறம்தான் மூளை மெதுவாக வந்து சேர்ந்தது. இது புது வலை. இது கரடியோடையைப் பார்த்ததே இல்லை. அலசினேன், அவர் வெயிலில் தூக்கிப் பார்த்தார், ஒண்ணுமில்லட்டி என்றார். அலசிய வலையில் ஒன்றுமில்லை, அலசியதற்கப்புறம் இது தண்ணீருக்குள் போகவே இல்லை, இங்கே பாறைமேல் சும்மா கிடந்தது. பாறைமேல். பாறையை நான் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் முதல்முதலாக ஓடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று, அந்தப் பாறையைப் பார்த்தேன். தண்ணீர் அதில் ஓடுகிறது என்றுகூடச் சொல்லமுடியாது, வியர்க்கிறது, நகக்கண் அளவு ஆழம் இல்லை, அடியில் பச்சைப்பாசி, பாசிக்கு நடுவில் விரல் அகலத்துக்கு மேலிருந்து கீழாக ஒரு காக்காப்பொன் கீற்று, அந்தக் கீற்றைச் சுற்றி, கடவுளே, ஒன்றா இரண்டா, புல்லில் ஆடு மேய்கிற மாதிரி சாவகாசமாக மேய்ந்துகொண்டிருக்கின்றன, அத்தனையும் ஜரிகைக்கரை வீட்டோடு. வெயில் பட்டுப் பாறையே மினுமினுக்கிறது. நான் கத்தினேனா என்று தெரியவில்லை, அவர் பதறிப்போய் ட்ரேயைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார், பாம்பா என்றார். விரலால் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், ஒன்றை அல்ல, எல்லாவற்றையும் பார்த்தார். "மாப்ள வீட்டுக்காரங்க எல்லாரும்லா வந்திருக்காவ" என்றார்.

எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் வந்துகொண்டிருந்தது, எதை முதலில் நினைப்பது என்று தெரியவில்லை. வலைக்கு ஆழம் வேண்டும், அதனால் ஆழம் இருக்கிற இடத்தில் மட்டும் தேடினோம், தேடியதில் கிடைத்ததை வைத்து இது வேகத்தை விரும்பும், அது நிழலை விரும்பும் என்று பெரிய பெரிய கட்டுரை எழுதினோம், வலைக்குப் பிடித்த இடத்தையெல்லாம் பூச்சிக்குப் பிடித்த இடம் என்று எழுதியிருக்கிறோமோ என்னவோ. வலை நுழையாத இடத்தில் இவர்கள் பாட்டுக்கு ஜரிகை வைத்து வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். அன்றைக்கு, ஆமாம், அன்றைக்கு மத்தியானம் இங்கேதான் எலுமிச்சைச் சோறு சாப்பிட்டேன், இதே பாறையில் வலையைப் போட்டுவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன், ஊறுகாய்ப் பொட்டலம் அவிழாமல் பல்லால் கடித்துத் திறந்தது வரைக்கும் ஞாபகம் வருகிறது, சாப்பிட்டுவிட்டு வலையை எடுத்துத் தண்ணீரில் போட்டேன், அப்போதுதான் அது ட்ரேயில் வந்தது. பாறையிலிருந்து வலைக்கு ஏறியிருந்த ஒன்றுதான் வந்தது. அலசாத வலையை யார் வடியப்போடுவார்கள்? அலசிய கையோடுதானே கொண்டுவந்து விரித்தேன். அலசியிருக்கிறேன். அலசியதால்தான் கிடைத்திருக்கிறது. பழிக்குப் பயந்து பைக்குள் போட்டுக் கட்டினேனே, அந்தக் கட்டுத்தான் இத்தனை வருஷம் இதை என்னிடம் வரவிடாமல் வைத்திருந்தது, இன்றைக்கு இந்த மனுஷன் உட்கார்ந்து கிழித்தார், வந்துவிட்டது. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது, அதற்குள் கீழே செடியை விலக்குகிற சத்தம் கேட்டது, தடியை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கத் தாவீது சார் ஏறி வந்துகொண்டிருந்தார். நன்றாக மெலிந்துவிட்டார், தொப்பிக்குக் கீழே முடியெல்லாம் பஞ்சாகிவிட்டது. இவருக்குச் சொல்வதற்கென்று எத்தனை பதில் வைத்திருந்தேன், மரியாதையாக ஒன்று, குத்தலாக ஒன்று, ஆதாரத்தோடு ஒன்று, ராத்திரி தூக்கம் வராதபோதெல்லாம் திருத்தித் திருத்தி வைத்திருந்தேன்.

"என்னம்மா, கெடச்சுதா?" என்றார்.

"அலசினேன் சார்" என்றேன்.

அவர் நின்றார். என்னைப் பார்த்தார், கையிலிருந்த வலையைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "எதைம்மா?" என்றார்.

அவருக்கு ஞாபகமே இல்லை. நடிக்கவில்லை, அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை, அந்தக் கேள்வியைக் கேட்ட அன்று சாயங்காலமே மறந்திருப்பார், அதற்கப்புறம் எத்தனை பிள்ளைகளிடம் அதே கேள்வியைக் கேட்டாரோ, அத்தனை பேரும் ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். நான் ஒருத்திதான் எனக்கு நானே கேட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். கோபம் வரவேண்டும், காத்திருந்தேன், வரவில்லை, வயிற்றிலிருந்து சிரிப்புதான் பொங்கிக்கொண்டு வந்தது, அடக்கப் பார்த்து முடியாமல் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஒன்றுமில்லை சார் என்று சொல்லி, லென்ஸை அவர் கையில் வைத்து, பாறைப் பக்கம் திருப்பி நிறுத்தினேன். அவர் தடியை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி, நெற்றி பாறையில் முட்டுகிற அளவுக்குக் குனிந்தார். ஊற்றுநீர் அவர் சட்டைக் கையில் இறங்கி முழங்கை வரைக்கும் நனைத்தது, கவனிக்கவே இல்லை. அப்புறம் என் பக்கம் திரும்பாமல், பாறையிடம் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார்.

"உலகம்மா, இதுக்கு நெட்டே வேண்டாமேம்மா."